வர மாட்டேன் என்று சொல்ல முடிந்த இருபது வருடம்

2025 பொங்கலுக்கு எங்கள் காலனியில் யாரும் புதுத்துணி எடுக்கவில்லை. ரேஷன் கடையில் ஒரு கிலோ பச்சரிசி, ஒரு கிலோ சர்க்கரை, ஒரு முழுக் கரும்பு கொடுத்தார்கள். அதை வைத்துத்தான் பொங்கல். அதற்கு முந்தைய வருடம் கூடவே வந்த ஆயிரம் ரூபாய் அந்த வருடம் இல்லை. அதுகூடப் பெரிதில்லை. நவம்பர் கடைசியிலிருந்து செய்த ஏரி வேலைக்குக் கூலி வரவில்லை. ஃபெஞ்சல் புயல் விழுப்புரம் மாவட்டத்தை மூழ்கடித்துவிட்டுப் போய் ஒன்றரை மாதம்தான் ஆகியிருந்தது. வயலில் இருந்ததும் போனது, வங்கிக் கணக்கில் வரவேண்டியதும் வரவில்லை.

பொங்கலுக்கு நான்கு நாள் முன்பு காலனிக்குள் ஒரு பைக் வந்தது. ஊர்த்தெருவில் நிறைய நிலம் வைத்திருப்பவர். பைக்கைவிட்டு இறங்காமலே எங்களில் ஒருவரின் பெரியம்மாவைக் கூப்பிட்டார். "ஏரி வேலக் காசு வரலியாமே? இனிமே எவன் படியளக்கப் போறான்? நாளைக்கு நவர நடவு. இருவது பேரு வேணும். எரநூத்தி இருவது ரூவா." போன வருடம் அதே நடவுக்கு 300 கொடுத்தவர் அவர். பெரியம்மா ஒன்றும் சொல்லவில்லை. தலையை ஆட்டினார். மறுநாள் விடியற்காலை இருபது பேரைக் கூட்டிக்கொண்டு போனார்.

இதே பெரியம்மா 2013 வாக்கில் இதே மனிதரிடம், "நாளைக்கு வர்ல சாமி, ஏரி வேல இருக்குது" என்று சொன்னதை நாங்கள் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறோம். அன்று அவர் முகம் போன போக்கும் எங்களுக்கு நினைவிருக்கிறது. எட்டாம் வகுப்போ ஒன்பதாம் வகுப்போ படித்துக்கொண்டிருந்தோம். எங்கள் தெருவில் ஒரு பெண் ஊர்த்தெரு ஆளிடம் "வர்ல" என்று சொல்லி, அதற்காக எதுவும் நடக்காமல் போனதை நாங்கள் பார்த்தது அதுதான் முதல் தடவை.

நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து இதை எழுதுகிறோம். ஒரே காலனி. ஐந்து பேரின் அம்மாக்களும் நூறு நாள் வேலைக்குப் போனவர்கள். எங்களில் மூன்று பேர் கல்லூரி முடித்திருக்கிறோம், இரண்டு பேர் பாதியில் நின்றோம். நலத்திட்டங்களைக் குறைத்தால் பாதிக்கப்படுவது 'அவர்கள்' மட்டும்தான் என்று நினைக்கிற நண்பர்களுக்காகவும், அது வெறும் காசு விஷயம் என்று நினைக்கிற நம் பிள்ளைகளுக்காகவும் எழுதுகிறோம்.

எண்பது ரூபாயில் தொடங்கியது

தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டம் 2005இல் நிறைவேறியது. 2006 பிப்ரவரி 2 முதல் நாட்டின் 200 மாவட்டங்களில் நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாட்டில் முதல் கட்டத்தில் ஆறு மாவட்டங்கள்: கடலூர், விழுப்புரம், திருவண்ணாமலை, நாகப்பட்டினம், திண்டுக்கல், சிவகங்கை. 2008 ஏப்ரல் முதல் நாடு முழுவதும். ஒரு குடும்பத்துக்கு வருடத்தில் 100 நாள் வேலை. கேட்டு 15 நாளில் வேலை கொடுக்காவிட்டால் வேலையில்லாப் படி. வேலை செய்து 15 நாளில் கூலி.

அப்போது தமிழ்நாட்டில் அறிவித்த கூலி 80 ரூபாய். அளவெடுத்துக் கழித்தது போக 60, 65தான் கையில் வந்தது என்று அம்மாக்கள் சொல்வார்கள். ஆனால் எங்கள் ஊரில் பெண்களுக்கு நடவுக்கூலி அன்று 40 ரூபாய். காலை ஏழு மணிக்குச் சேற்றில் இறங்கினால் கொல்லைக்காரர் சொல்லும் வரை நிமிரக்கூடாது. ஏரி வேலையில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி. பெயர் சொல்லிக் கூப்பிட்டு, நோட்டில் எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டு காசு கொடுத்தார்கள். எங்கள் அம்மாக்களில் நான்கு பேர் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டதே அந்த நோட்டுக்காகத்தான்.

இரண்டு மூன்று வருடத்தில் நடவுக்கூலி ஏறியது. யாரும் போராட்டம் நடத்தவில்லை, சங்கம் வைக்கவில்லை. ஏரிக்கரையில் இன்னொரு வேலை இருந்தது, அவ்வளவுதான். ஆள் வேண்டுமென்றால் அதற்கு மேல் கொடுத்தாக வேண்டும் என்ற நிலை வந்தது. "நூறு நாள் வேலையால விவசாயத்துக்கு ஆளே கிடைக்கல" என்று இன்றுவரை புலம்புகிறார்களே, அதன் உண்மையான பொருள் இதுதான்: பழைய கூலிக்கு ஆள் கிடைக்கவில்லை.

காசைவிடப் பெரிய ஒன்றும் நடந்தது. எங்கள் ஊரில் கோயில் திருவிழாத் தகராறு ஒன்று வந்தபோது, காலனிக்காரர்களை யாரும் கொல்லை வேலைக்குக் கூப்பிடக்கூடாது என்று ஊரில் பேசி முடிவு செய்தார்கள். இது புது ஆயுதம் அல்ல. எங்கள் தாத்தா காலத்தில் இப்படிக் கட்டுப்பாடு போட்டால் பத்து நாளில் பெரியவர்கள் போய்க் காலில் விழுந்து தண்டம் கட்டிவிட்டு வருவார்கள். பிள்ளைகள் பசியில் அழும்போது மானம் பேச முடியாது. ஆனால் அந்த முறை எங்கள் ஆட்கள் மூன்று மாதம் தாங்கினார்கள். ரேஷன் அரிசி இருந்தது, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு இருந்தது, ஏரி வேலை இருந்தது. மூன்றும் ஊர்க்காரர் கையில் இல்லாதவை. கடைசியில் அவர்களே ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள்.

நலத்திட்டம் என்றால் இலவசம், சலுகை என்று பேசுகிறவர்களுக்கு இது விளங்காது. படியளக்கிற கை ஒன்றே ஒன்றாக இருக்கும்வரை அந்தக் கையைக் கும்பிட்டுத்தான் ஆக வேண்டும். இரண்டாவதாக ஒரு கை வந்த அன்று நாம் கொஞ்சம் நிமிர்ந்தோம்.

ஊர்த்தெருக் கடை

அந்தப் பொங்கலுக்குத் திரும்புவோம்.

ஊர்த்தெருவில் ஒரு மளிகைக் கடை இருக்கிறது. கடைக்காரர் நம் ஆள் இல்லை. அவருடைய மனைவியும் ஏரி வேலைக்கு வருகிறவர்தான். காலனி வீடுகளுக்கெல்லாம் அந்தக் கடையில் கணக்கு உண்டு. ஏரிக் காசு ஏறினால் பழைய பாக்கியைக் கட்டிவிட்டுப் புதுப் பாக்கி வைப்பார்கள். 2025 ஜனவரியில் நோட்டில் எழுத இடமில்லாமல் போனது. பிப்ரவரியில் அவர் கடன் கொடுப்பதை நிறுத்தினார். மார்ச்சில் சரக்கு எடுக்கப் பணமில்லாமல் அவரே நகையை அடகு வைத்தார். எங்களிடம் ஒருநாள் சொன்னார்: "உங்க தெருவுல காசு பொழங்கலனா எங்க தெருவுல கட தெறக்க முடியல தம்பி." இருபது வருடமாக எங்கள் கையில் காசைத் தொடாமல் தட்டில் வாங்கியவர் சொன்ன வார்த்தை இது.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். உங்கள் ஊராட்சியில் வேலைக்கு வரும் குடும்பங்கள் 300 என்று வைத்துக்கொள்ளுங்கள். வருடத்தில் 50 நாள்தான் வேலை கிடைக்கிறது. 2024-25இல் தமிழ்நாட்டுக்கான கூலி 319 ரூபாய். முழுக் கூலி கிடைத்தால் ஏறத்தாழ 48 லட்சம் ரூபாய். இந்தக் காசு யாருடைய பெட்டியிலும் பூட்டிக் கிடக்காது. எண்ணெய், பருப்பு, பிள்ளைக்குச் செருப்பு, ஷேர் ஆட்டோ, சந்தையில் கருவாடு, மருந்துக்கடை, குழுக்கடன் தவணை என்று ஒரே வாரத்தில் ஊர் முழுக்கச் சுற்றிவிடும். அது நின்றால் நிற்பது 300 வீட்டு அடுப்பு மட்டும் அல்ல.

கூலியும் அப்படித்தான். பைக்கில் வந்தவர் எங்களுக்கு 220 என்று வைத்ததும் ஊர்த்தெருவில் நிலமில்லாத பெண்களுக்கும் 220தான். அரைக் காணி, ஒரு காணி வைத்துக்கொண்டு மீதி நாளில் கூலிக்குப் போகிற பெண்கள் அந்தத் தெருவில் எத்தனை பேர் என்று எங்களுக்குத் தெரியும். தமிழ்நாட்டில் இந்த வேலைக்கு வருகிறவர்களில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் பெண்கள். பட்டியல் சாதியினர் நான்கில் ஒரு பங்குக்குச் சற்று மேல். அப்படியானால் மீதிப் பேர் யார்? பெரும்பாலும் பிற்படுத்தப்பட்ட, மிகப் பிற்படுத்தப்பட்ட சாதிகளின் ஏழைப் பெண்கள். அவர்கள் வீட்டு ஆண்கள் டீக்கடையில் உட்கார்ந்து "காலனிக்காரங்களுக்கு அரசாங்கம் சும்மா காசு கொடுக்குது" என்று பேசிக்கொண்டிருக்கும்போதே, அந்த வீட்டுப் பெண்கள் எங்கள் அம்மாக்களோடு அன்னக்கூடை தூக்கிக்கொண்டிருப்பார்கள்.

நவம்பரில் நின்ற கூலிக்காக முதலமைச்சர் ஜனவரியில் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். மார்ச் 29 அன்று ஆளுங்கட்சியே மாநிலம் முழுக்க ஆர்ப்பாட்டம் நடத்தி, வரவேண்டியது 4,034 கோடி ரூபாய் என்றது. பிறகுதான் பணம் வந்தது. தாமதத்துக்குச் சட்டத்தில் இழப்பீடு உண்டு: ஒரு நாளைக்கு 0.05 சதவீதம். 319 ரூபாய்க்கு 60 நாள் தாமதத்துக்குக் கணக்குப் போட்டால் 10 ரூபாய்கூட வரவில்லை. அதே 319 ரூபாயை நூற்றுக்குப் பத்து மாத வட்டிக்கு வாங்கியவர்கள் அதே இரண்டு மாதத்துக்குக் கட்டிய வட்டி 64 ரூபாய். யார் யாருக்குக் கடன் கொடுத்தது என்று யோசித்துப் பாருங்கள். செய்த வேலைக்கான கூலியை நிறுத்திவைத்த அரசுக்கு எங்கள் அம்மாக்கள் கொடுத்த கடன் அது. வட்டியையும் அவர்களே கட்டினார்கள்.

காசையும் சாதி பார்த்துப் பிரித்தார்கள்

ஏரி வேலையில் சாதி ஒழிந்தது என்று பொய் சொல்ல மாட்டோம். முதல் சில வருடம் ஊர்த்தெருப் பெண்கள் தண்ணீர்க் குடம் தனியாகக் கொண்டுவந்தார்கள். சாப்பாட்டுக்குத் தனி மரத்தடி. ஆனால் வருடக்கணக்கில் ஒரே வரிசையில் நின்று மண் கை மாறும்போது பேச்சும் கை மாறும். மாமியார் சண்டை, மகள் பிரசவம், குடிகாரப் புருஷன் எல்லாம் பேசி, ஒருத்தி வீட்டுக் குழம்பை இன்னொருத்தி ருசி பார்க்கும் அளவுக்கு வந்திருந்தது. கூலி லேட்டானால் இரண்டு தெருப் பெண்களும் சேர்ந்தே ஊராட்சி அலுவலகத்துக்குப் போவார்கள்.

2021 மார்ச்சில் மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகம் ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மற்றவர் என்று மூன்றாகப் பிரித்துத் தனித்தனியாகக் கூலி போட வேண்டும். பட்டியல் சாதியினருக்கு எவ்வளவு போகிறது என்று தெளிவாகத் தெரியத்தான் என்றார்கள். நடந்தது என்ன? ஒரே குழியில் ஒரே நாள் மண் வெட்டிய இரண்டு பெண்களில் ஒருத்திக்குக் காசு வந்தது, இன்னொருத்திக்கு வரவில்லை. எங்கள் ஊரில் எங்களுக்கு முதலில் வந்தது. அடுத்த நாளே "உங்களுக்குனா ஒடனே குடுக்கறான், எங்கள எவன் கேக்கறான்" என்ற பேச்சு. தண்ணீர்க் குடம் மறுபடி தனியானது. அந்த ஏற்பாட்டைச் சில மாதங்களில் திரும்பப் பெற்றுவிட்டார்கள். குடம் திரும்பிவர அதைவிட அதிக நாள் ஆனது.

இதிலிருந்து நாங்கள் ஒன்றைக் கற்றுக்கொண்டோம். ஒரு திட்டம் சுருங்கும்போது இருப்பதற்கு அடித்துக்கொள்ள வைக்கும். அப்படி அடித்துக்கொள்ளும்போது நம் மக்கள் கோட்டைக் கிழித்துக்கொண்டு நிற்பது வர்க்கத்தின்படி அல்ல, சாதியின்படிதான்.

குறைத்தோம் என்று யாரும் சொல்வதில்லை

எந்த அரசும் திட்டத்தை நிறுத்திவிட்டோம் என்று பறைசாற்றாது. மெல்ல மெல்ல நடக்கும். கொரோனா வருடமான 2020-21இல் இந்த வேலைக்கு ஒரு லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் செலவானது. ஊருக்குத் திரும்பிய கோடிக்கணக்கான பேரின் சோறு அது. 2023-24 பட்ஜெட்டில் தொடக்கத்தில் ஒதுக்கியது 60,000 கோடி. அதே 2023 ஜனவரி முதல் எல்லாப் பணித்தளத்திலும் செல்போன் செயலியில் நாளைக்கு இரண்டு முறை போட்டோ எடுத்தால்தான் வருகைப்பதிவு என்றார்கள். சிக்னல் இல்லாத ஏரியில் அம்மாக்கள் வெயிலில் வரிசையாக நின்றார்கள். 2024 ஜனவரி முதல் ஆதார் வழியாக மட்டும்தான் கூலி என்றார்கள். ஆதாரில் ஒரு எழுத்து மாறியிருந்தவர்கள் வேலை அட்டையைத் தூக்கிக்கொண்டு ஒன்றிய அலுவலகத்துக்கு அலைந்தார்கள். இப்படி ஒவ்வொரு கதவாகச் சாத்திவிட்டு, "வேலை கேட்டு வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள்" என்று பிறகு கணக்குக் காட்டலாம்.

மேற்கு வங்கத்தில் முறைகேடு நடந்தது என்று சொல்லி 2022 மார்ச்சில் மொத்த நிதியையும் நிறுத்தினார்கள். முறைகேடு செய்தவரைப் பிடிக்கச் சட்டம் இருக்கிறது. தண்டனை விழுந்தது மண் சுமந்தவர்கள் மேல். மூன்று வருடம் கழித்து 2025 ஜூனில் கொல்கத்தா உயர் நீதிமன்றம் வேலையைத் தொடங்கச் சொன்னது. அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் மத்திய அரசின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. அந்த மூன்று வருடத்தில் பிழைப்புத் தேடி வெளிமாநிலம் போனவர்களை யார் திரும்பக் கூட்டி வருவது?

மாணவர்களுக்கு இது புதுக் கதை அல்ல. பத்தாம் வகுப்புக்கு மேல் நமக்கு வரும் கல்வி உதவித்தொகையிலும் இதுதான் நடந்தது. 2017-18க்குப் பிறகு மத்திய அரசின் பங்கு சரிந்து, பெரும்பகுதிச் சுமை மாநிலங்கள் தலையில் விழுந்தது. நாடு முழுக்கப் போராடிய பிறகுதான் 2020 டிசம்பரில் மத்திய அரசு 60, மாநிலம் 40 என்று மாற்றினார்கள். அந்த இடைப்பட்ட வருடங்களில்தான் எங்களில் இரண்டு பேர் படிப்பை நிறுத்தினோம். கல்லூரி கட்டணத்தைக் கட்டு என்றது, உதவித்தொகை வரவில்லை. ஒருவரின் அம்மா ஏரிக் காசைச் சேர்த்துவைத்து ஒரு செமஸ்டர் கட்டினார். அடுத்த செமஸ்டரில் ஏரிக் காசும் லேட். ஒரு திட்டம் கைவிட்டால் இன்னொன்று தாங்கும் என்றுதான் ஏழைகள் குடும்பம் நடத்துகிறார்கள். இரண்டும் ஒரே நேரத்தில் கைவிட்டால் வீட்டில் யாரோ ஒருவர் படிப்பை விட வேண்டும். அந்த வருடம் எங்கள் தெருவில் முதலில் நின்றது ஒரு பெண் பிள்ளை.

அந்த 60 நாள்

2025 டிசம்பர் 18 அன்று நாடாளுமன்றம் பழைய சட்டத்தை எடுத்துவிட்டுப் புதுச் சட்டம் கொண்டுவந்தது. சுருக்கமாக 'வி.பி. ஜி ராம் ஜி' என்கிறார்கள். காந்தி பெயரை எடுத்துவிட்டார்கள் என்று பெரிய சண்டை நடந்தது. காந்தி பெயருக்காக நாங்கள் கண்ணீர் விடவில்லை. 2006இல் அந்தச் சட்டம் வந்தபோது அவர் பெயர் அதில் இல்லை, 2009இல்தான் சேர்த்தார்கள். பெயரைப் பற்றிய சண்டையில் உள்ளே இருப்பதைப் பார்க்கத் தவறினோம் என்பதுதான் எங்கள் கவலை.

100 நாள் 125 ஆகிறது என்கிறார்கள். நல்லது. ஆனால் முன்பு மண் வேலைக்கான கூலி முழுவதையும் மத்திய அரசு கொடுத்தது. இனி 60:40. உதவித்தொகையில் 60:40 நமக்கு ஏற்றம். இங்கே அது இறக்கம். எந்த மாநிலத்துக்கு எவ்வளவு என்று மத்திய அரசு முன்கூட்டியே வரம்பு வைக்கும். அதற்கு மேல் ஆகும் செலவு மாநிலத்துடையது. கையில் காசில்லாத மாநிலம் 125 நாளை எப்படிக் கொடுக்கும்?

இதையும்விட ஒரு பிரிவு எங்களைத் தூங்கவிடவில்லை. விதைப்பும் அறுவடையும் மும்முரமாக நடக்கும் காலத்தில், வருடத்தில் மொத்தம் 60 நாள் இந்த வேலை நடக்கக்கூடாது. எந்த நாட்கள் என்று மாநில அரசு முன்கூட்டியே அறிவிக்கும். விவசாயத்துக்கு ஆள் கிடைப்பதற்காகவாம்.

பெரியம்மாவிடம் இதைப் படித்துக் காட்டினோம். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கேட்டார்: "அப்ப நடவு நேரத்துல அவன் கூப்புட்டா வர்லனு சொல்ல முடியாதா?"

சட்டத்தை எழுதியவர்களைவிட அதன் பொருள் அவருக்கு விளங்கிவிட்டது. கூலிக்காரருக்குப் பேரம் பேசும் பலம் வருடத்தில் இரண்டு காலத்தில்தான் உண்டு: நடவின்போதும் அறுவடையின்போதும். மற்ற நாளில் அவர் கேட்டாலும் யாரும் காதில் வாங்க மாட்டார்கள். சரியாக அந்த நாட்களில் மாற்று வேலையை மூடிவைப்பது என்றால் கூலியை யார் முடிவு செய்வது என்று அரசே தீர்மானித்துவிட்டது என்றுதான் பொருள்.

அந்தச் சட்டம் நிறைவேறி ஒரு வாரத்தில் டிசம்பர் 25 வந்தது. வெண்மணி நினைவு நாள். 1968இல் அன்றைய தஞ்சை மாவட்டத்தில் கூலியாகக் கூடுதல் நெல் கேட்டவர்களை, அவர்கள் பெண்டு பிள்ளைகளோடு 44 பேரை, ஒரு குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள். அறுவடைக் காலத்துக் கூலி எவ்வளவு பெரிய விஷயம் என்பதை நாம் அங்கிருந்துதான் கற்றோம். இந்த வேலைத் திட்டம் முதலில் வந்த ஆறு மாவட்டங்களில் வெண்மணி இருக்கும் நாகப்பட்டினமும் ஒன்று என்பதைச் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.

அண்ணல் முன்பே சொன்னது

1947இல் 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' என்ற பெயரில் அண்ணல் அம்பேத்கர் கொடுத்த கோரிக்கை அறிக்கையில் இந்த விஷயம் இருக்கிறது. வேலையில்லாமல் நிற்கும் ஒருவருக்கு அடிப்படை உரிமைகளால் என்ன பயன் என்று அவர் கேட்கிறார். சங்கம் சேரக்கூடாது, பேசக்கூடாது என்று நிபந்தனை வைத்து ஒருவன் வேலை கொடுத்தால், பட்டினி கிடப்பவர் அந்த உரிமைகளையெல்லாம் விட்டுவிட்டு வேலையைத்தான் எடுப்பார் என்பது அவர் வாதம். அதனால்தான் பொருளாதாரப் பாதுகாப்பையும் அரசமைப்பிலேயே எழுத வேண்டும் என்றார். நிலம் அரசுடைமையாக வேண்டும், சாதி பார்க்காமல் ஊராருக்குக் குத்தகைக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்றார். அது நடக்கவில்லை. நிலம் நமக்கு வரவில்லை. வந்தது ஏரிக்கரையில் வருடத்துக்கு 100 நாள். அது பெரிய விடுதலை இல்லைதான். இருந்தும் அந்த அளவுக்கே ஊர் எவ்வளவு மாறியது என்று மேலே சொன்னோம்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. ஆனால் புகார் கொடுக்கப் போகும் பெண், நாளைக்கு யார் கொல்லையில் வேலை என்பதை யோசிக்காமல் காவல் நிலையப் படியேற முடியுமா? சாட்சி சொல்லப் போகிறவர்? ஊராட்சித் தேர்தலில் நிற்கப் போகிறவர்? இவர்கள் எல்லோருக்கும் ஏரிக்கரை பின்னால் நின்றது. கூலி நிற்கும்போது வழக்குகளில் சமாதானம் பேசப்படுவதை இந்த வேலையில் இருக்கும் தோழர்கள் பார்த்திருப்பீர்கள்.

என்ன செய்யலாம்

தம்பி, தங்கைகளே, நீங்கள் படித்தவர்கள். இதை வெறும் செய்தியாகப் படித்துவிட்டு நகராதீர்கள்.

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வருடத்தில் ஆறு கிராமசபை. அன்று ஊரில் இருங்கள். அம்மாவையும் பெரியம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். வேலையை வாயால் கேட்காதீர்கள். எழுதிக் கொடுத்துத் தேதி போட்ட ரசீது வாங்குங்கள். ரசீது இல்லாவிட்டால் வேலை கேட்டவர் யாருமே இல்லை என்று கணக்கில் ஏறும். உங்கள் தெருவில் யாருக்கு எத்தனை நாள் வேலை, எந்தத் தேதியில் காசு வந்தது, நடவுக்கூலி எவ்வளவு என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். நாங்கள் 2025 ஜனவரியில்தான் எழுதத் தொடங்கினோம். பத்து வருடம் முன்பே தொடங்கியிருக்க வேண்டும்.

அந்த 60 நாள் எவை என்று முடிவு செய்யப்போவது நம் மாநில அரசு. அந்த முடிவில் கூலிக்காரருக்கும் குரல் வேண்டும் என்று கிராமசபையில் தீர்மானம் போடுங்கள். வேலை மூடும் நாட்களில் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே யாரும் கூப்பிடக்கூடாது என்பதையும் அதில் சேருங்கள்.

இன்னொன்று. ஊர்த்தெருப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு போங்கள். கசப்பாக இருக்கும், எங்களுக்கும் இருந்தது. தனிக் குடம் கொண்டுவந்தவரோடு சேர்ந்து நிற்பது சுலபம் இல்லை. சேர்ந்து நிற்பதற்காகக் குடத்தைப் பற்றிப் பேசாமல் இருக்கவும் வேண்டாம், இரண்டையும் பேசுங்கள். 2025 மார்ச்சில் நாங்கள் ஒன்றிய அலுவலகம் போனபோது அந்த மளிகைக் கடைக்காரரின் மனைவியும் கூட வந்தார். திரும்பி வரும் வழியில் வெயில் தாங்காமல் எங்கள் பாட்டிலில் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். இதைப் பெரிய வெற்றி என்று எழுதவில்லை. நடந்ததைச் சொல்கிறோம்.

பெரியம்மாவுக்கு இப்போது வயது அறுபத்திரண்டு. முட்டி வலியில் நடவுக்குக் குனிய முடியவில்லை. ஏரியில் அவருக்குக் கொடுத்தது வேலை செய்பவர்களுக்குத் தண்ணீர் எடுத்து வைக்கிற வேலை. அவர் கொண்டுவந்த தண்ணீரை இரண்டு தெருப் பெண்களும் குடித்தார்கள். அந்த வேலை அடுத்த நவரைக்கு இருக்குமா என்று எங்களிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார். நாங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.

ஜெய்பீம்.